நான் தின்ற அடுப்படிச் சுவர்

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் ஒரு மூலையை நான் தின்றிருக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விரலால் தோண்டி, உள்ளங்கையில் பொடித்து, வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். ஈரம் காயாத புதுச்சுவரின் செம்மண்ணுக்கு அப்படி ஒரு ருசி. சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். இன்றைக்கும் கோடை மழை விழுந்து மண் வாசம் கிளம்பினால் எனக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது.

அந்தச் சுவர் தேவாரத்தில் இருக்கிறது. ஜெர்மன்காரனோடு வெள்ளைக்காரன் போட்ட பெரிய சண்டை தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தி நாங்கள் கட்டிய வீடு. அதற்கு முன்னால் நாங்கள் இருந்தது என் மாமனார் காலத்துப் பழைய வீட்டில். என் வீட்டுக்காரருக்கு அண்ணனான மூத்தார் குடும்பம், நாங்கள், மாமியார், எல்லோருக்கும் சேர்த்து ஒரே அடுப்படி. அதற்குச் சன்னல் கிடையாது. நட்டநடுப் பகலில் விளக்கு ஏற்றித்தான் உப்பையும் மாவையும் பிரித்தறிய வேண்டும். புகை போக வழியில்லாமல் கண்ணில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மழை பெய்தால் கூரை ஒழுகும் இடங்களில் சட்டி வைத்து, பிறகு சமைக்கச் சட்டி இல்லாமல் நிற்போம். என் ஓரகத்தி, அதாவது மூத்தார் மனைவி, நான் அடுப்பில் வைத்ததை இறக்கித் தன்னுடையதை ஏற்றுவாள். நான் அவளுடையதை இறக்கி என்னுடையதை ஏற்றுவேன். எங்கள் சண்டையில் எந்தக் குழம்பும் ஒழுங்காகக் கொதித்ததில்லை.

என் மாமியார் எனக்கு வேற்றாள் இல்லை. என் அப்பாவோடு பிறந்த அத்தை. மயிலாடும்பாறையில் நான் பிறந்த அதே வீட்டில் பிறந்து, அங்கிருந்து தேவாரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். என் அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டாள். அதனால் அத்தைதான் எனக்கு மாமியார், தாய் எல்லாம். ஆனால் பேச்சு மட்டும் கருங்கல். நானும் சளைத்தவள் இல்லை. எனக்கு வாய் முழ நீளம் என்று ஊருக்கே தெரியும்.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் எனக்குப் பிள்ளை உண்டாகவில்லை. தெருவில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்க் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். அது கேட்பதைவிட மோசம். பிள்ளைதான் இல்லை, எனக்கென்று ஓர் அடுப்படியாவது வேண்டும் என்று என் மச்சானை, அதுதான் என் வீட்டுக்காரரை, பிடித்துக்கொண்டேன். அந்த வருஷம் பருத்தி நன்றாக வெடித்தது. தை பிறந்ததும், பழைய வீட்டுக்கு நேர் எதிரே எங்கள் பங்குக்கு வந்த மனையில் கடைக்கால் தோண்டினோம். முதல் மண்வெட்டி விழுந்த சத்தத்துக்கு எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

கடைக்காலுக்குக் கருங்கல், அதற்கு மேலே மண்சுவர். செம்மண்ணில் வைக்கோலை நறுக்கிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மாட்டை விட்டு மிதித்துப் புளிக்க வைத்து, சுற்றிலும் ஓர் அடுக்கு, அதாவது ஒரு படை வைப்பார்கள். அது காய்ந்து இறுகிய பிறகுதான் மேலே அடுத்த படை. அவசரப்பட்டால் கீழ்ப்படை பிதுங்கிவிடும். காய்ந்த சுவர் இரும்பு மாதிரி நிற்கும். ஆனால் கூரை ஏறும்வரை அது பச்சைப்பிள்ளை. ஒரு பெரிய மழை போதும், பாயசம் ஆகிவிடும். அதனால் ஆடி பிறப்பதற்குள் கூரை போட்டாக வேண்டும். ஆடியில் மலையைத் தாண்டி வரும் காற்றும் சாரலும் எங்கள் ஊரை என்ன பாடு படுத்தும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். தவிர, ஆடியில் யாரும் கூரை மரம் ஏற்ற மாட்டார்கள்.

வேலை நடக்கும் இடத்தை விட்டு நான் நகர்ந்தால்தானே! அடுப்படிச் சுவர் இடுப்பளவு வந்தபோதே கொத்தனாரிடம் மல்லுக்கு நின்றேன்.

"இங்கன ஒரு சன்னல் வேணும்."

"அடுப்படிக்குச் சன்னலா? ஏத்தா, இந்த ஊருக் காத்துக்கு அடுப்பு நிக்குமா? சோறு வடிக்கிறதுக்குள்ள வீடு எரிஞ்சு போகும்" என்றார் அவர்.

"காத்து மேக்கருந்துல்ல வருது? நான் கிழக்க வைக்கச் சொல்றேன். உங்களுக்குத் தெச தெரியுமா தெரியாதா?"

அத்தை எதிர்வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அவ கேட்ட எடத்துல வச்சுக் குடுத்துருங்க. இல்லாட்டி நம்ம காதுல சன்னல் வச்சிருவா" என்றார். கொத்தனார் சிரித்தபடி சன்னலுக்கு இடம் விட்டார். வாசல் நிலை ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. மாசி, பங்குனி, சித்திரை என்று சுவர் ஏறிக்கொண்டே போனது.

வைகாசியில் எனக்குத் தலைக்குக் குளிக்கும் நாள் தள்ளிப்போனது. வெயில் சூடு என்று நினைத்தேன். பிறகு ஒரு காலையில், எண்ணெய் காயும் வாசத்துக்குக் குடலே வெளியே வந்துவிடும் போல இருந்தது. கிணற்றடிக்கு ஓடிப்போய் நின்றேன். ஆத்தாடி ஆத்தா! எனக்குப் புரிந்துவிட்டது. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பை அந்த வாளிதான் பார்த்தது. தெருவில் ஓடி, கேட்பதை நிறுத்தியவர்கள் வீட்டுக் கதவை எல்லாம் தட்டிச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

இரண்டு எட்டு வைத்தேன். எதிரே கூரையில்லாத என் வீடு நின்றது. அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு கட்டு உண்டு. வீட்டுப் பெண் மாசமாக இருக்கும்போது மோடு மூடக்கூடாது. மோடு என்றால் கூரையின் உச்சி. இரண்டு பக்கச் சரிவும் சேரும் இடத்தில் நீளமாக ஓடும் மோட்டுவளையை ஏற்றி, மேலே ஓடு போட்டு மூடினால், பிள்ளை வெளியே வரும் வழியும் மூடிக்கொள்ளும் என்பார்கள். பாதி கட்டிய வீடு பாதியிலேயே நிற்க வேண்டும். பிள்ளை பிறந்து தீட்டுக் கழிந்த பிறகுதான் மறுபடி கை வைக்கலாம். நடுவில் ஆடிச் சாரல், ஐப்பசி அடைமழை. மண்சுவர் அதுவரை தாங்குமா?

தாங்காது என்பதற்குச் சாட்சி எங்கள் தெருக்கோடியிலேயே இருந்தது. கழுதைகள் ஒதுங்கும் ஒரு குட்டிச்சுவர். அது அத்தையின் வீடாக இருந்திருக்க வேண்டியது. என் மச்சானை வயிற்றில் சுமந்திருந்தபோது கட்டிய வீடு. கட்டுக்குப் பயந்து வேலையை நிறுத்தினார்கள். அந்த ஐப்பசியில் கரைந்தது. மறுபடி கட்ட வசதி வரவேயில்லை. தன் வீட்டையே அந்தக் கட்டுக்காக விட்டுக்கொடுத்தவர், என் வீட்டுக்காக அதை மீற விடுவாரா? நான் வாயைத் திறந்தால் அன்றே கொத்தனார் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிடுவார்.

கட்டு பொய் என்று நினைக்கும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இருந்ததா என்றால், இல்லை. பயம் இருந்தது. ஆனால் சன்னல் வைத்த அந்த அடுப்படி அதைவிடப் பெரிதாகக் கண்ணில் நின்றது. பிள்ளையும் வேண்டும், வீடும் வேண்டும், இரண்டில் ஒன்றையும் விட மாட்டேன் என்று அடம் பிடித்தது மனசு. மோடு ஏறும்வரை ஒருவரிடமும் மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்தேன். மச்சானிடம்கூடச் சொல்லவில்லை. அவர் வாயில் போட்டால் தண்டோரா போட்ட மாதிரிதான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை தொடங்கியது. வாந்தி வந்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவேன். மயக்கம் வந்தால் வேலை நடக்கும் இடத்துக்குப் போய் நிழலில் நிற்பேன். அங்கேதான் வந்தது வினை. நனைந்த செம்மண் வாசம்! எனக்கு நெஞ்செல்லாம் அதன் மேல்தான். கொத்தனார் கஞ்சி குடிக்கப் போன நேரத்தில், அடுப்படியில் சன்னலுக்குக் கீழே இருந்த மூலையில் ஒரு விரல் வைத்துப் பார்த்தேன். அப்புறம் இரண்டு விரல். மறுநாள் நாலு விரல். ஒரு வாரம் போவதற்குள் ஒரு கொட்டாங்கச்சி அளவுக்குக் குழி விழுந்துவிட்டது.

கொத்தனார் கண்டுபிடித்துவிட்டார். "பாத்தீகளா இந்த அநியாயத்த? கூரை போடல, அதுக்குள்ள எலி குடி வந்திருச்சு" என்று கத்தினார். அத்தை தெருவைக் கடந்து வந்தார். குனிந்து குழியைப் பார்த்தார். நான் வாயைத் துடைத்துக்கொண்டு மலையைப் பார்த்தேன்.

"எலிதான்" என்றார் அத்தை. "பாசாணம் வச்சுருவோம்."

பாசாணம் வைத்த சுவரை எப்படித் தின்பது? ஆனால் யாரும் பாசாணம் வைக்கவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் குழியை மண் வைத்துப் பூசியிருந்தது. கொத்தனார் வேலை என்று நினைத்தேன். கரணை போட்டுத் தேய்க்காமல் கையாலேயே அப்பியிருந்ததைப் பார்த்து, 'கூலி வாங்குகிறவர் பூசும் லட்சணமா இது?' என்று முணுமுணுத்தேன். சன்னல் மேட்டில் உப்புப் போட்ட மாங்காய்க் கீற்றுகள் ஓர் இலையில் இருந்தன. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கொண்டுவந்து மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று அதையும் தின்றுவிட்டேன். அதன் பிறகு அவர் தினமும் மறந்தார். நானும் தினமும் திருடினேன். பாவம், ஞாபகமறதிக்காரர் என்று இரக்கம்கூடப் பட்டேன்.

சுவர் முடிந்தது. மரம் வரவில்லை. போடியில் மரக்கடைக்காரர் நாளை, நாளை என்றே ஆனியில் பாதியை ஓட்டிவிட்டார். மச்சான் வண்டி கட்டிக்கொண்டு போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வேங்கை மரத்து மோட்டுவளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் தெருமுனை திரும்பியபோது, நான் போட்ட சத்தத்தில் மாடு மிரண்டது. அடுத்தது ஓடு. அப்போது போடிக்கு ரயில் வந்துகொண்டிருந்தது. சண்டைக் காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனது பிந்திய கதை. கேரளத்துச் சீமை ஓடு ரயிலில் போடிக்கு வந்து, அங்கிருந்து வைக்கோல் மெத்தையில் வண்டி வண்டியாக எங்கள் தெருவுக்கு வந்தது. எங்கள் தெருவில் அதுவரை நாட்டு ஓடும் கீற்றும்தான். ஓட்டின் முதுகில் இங்கிலீஷ் எழுத்து வேறு. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே ஊர் அதைத் தடவிப் பார்த்தது. அத்தை ஒன்றை எடுத்து விரல் கணுவால் தட்டினார். டங்கென்றது. "சத்தம் நல்லாத்தான் இருக்கு. சாரலுக்கு என்ன பதில் சொல்லுதுன்னு பாப்போம்" என்றார்.

சாரல் அதற்குக் காத்திருக்கவில்லை. மோடு ஏற்ற நாள் குறித்து, அது வருவதற்குள் ஒரு மத்தியானம், மேற்கே மலை மறைந்தது. மச்சானும் கொத்தனாரும் தோட்டத்துப் பக்கம் போயிருந்தார்கள். குளிர்ந்த காற்று ஒன்று அடித்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. சுவர் உச்சியை மூடுவதற்கு முடைந்த தென்னங்கிடுகு அடுக்கி வைத்திருந்தோம். ஒரு கிடுகுக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

எங்கிருந்து வந்தாரோ, அத்தை பாய்ந்து வந்து என் தலையிலிருந்து கட்டைப் பறித்தார். "எறக்குடி கழுத! கூறுகெட்டவளே, போய் அங்கன நில்லு!"

"சுவரு கரையுது அத்தே!"

"கரைஞ்சா எனக்குத் தெரியும். நீ தொட்ட, கைய ஒடிச்சிருவேன்!"

ஓரகத்தியையும் தெருப் பெண்களையும் கூவி அழைத்து, தானே ஏணியில் ஏறி, கிடுகைப் பரப்பி, மேலே கல் வைத்தார். அந்த வயசில்! நான் கையைக் கட்டிக்கொண்டு நனைந்தபடி நின்றேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் வீட்டுச் சுவரை நான் தொடக்கூடாதாமே, இவர் மட்டும் அதிகாரம் செய்வாராமே என்று பல்லைக் கடித்தேன். சாரல் விட்டபோது வெளிப்பக்கம் கொஞ்சம் வழிந்திருந்தது, அவ்வளவுதான். சுவர் நின்றது. கோபத்தோடு கோபமாக நான் அந்தச் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

மோடு ஏற்றும் நாள் வந்தது. மோட்டுவளைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நடுவில் புதுத்துணியில் நவதானியம் முடிந்து கட்டினார்கள். தெரு ஆண்கள் எல்லாம் வடம் பிடிக்க வந்துவிட்டார்கள். கொத்தனார் கற்பூரம் ஏற்றினார். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். கொத்தனார் திரும்பி எங்களைப் பார்த்தார்.

"முறைக்குக் கேக்கணும், கேக்கிறேன். வீட்டுப் பொம்பளைக யாரும் மாசமா இல்லையே? பெரியவுக வாய் தெறந்து சொல்லுங்க."

இப்படிச் சபையில் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது! எரியும் கற்பூரத்துக்கு முன்னால் பொய் சொல்ல எனக்கு வாய் வராது. உண்மை சொன்னால் வடத்தைக் கீழே போட்டுவிடுவார்கள். ஓரகத்தி வேறு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

அத்தை முன்னால் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. மரத்தையே பார்த்தார்.

"ஒருத்தரும் இல்ல. தூக்குங்க" என்றார்.

தூக்கினார்கள். "ஐலசா" சத்தத்தில் தெருவே அதிர்ந்தது. வேங்கை மரம் மெல்ல மெல்ல மேலே போய்ச் சுவரில் உட்கார்ந்தபோது நான் அழுதேன், சிரித்தேன், குலவையும் போட்டேன். நல்லவேளை, அத்தைக்குத் தெரியவில்லை, அறியாமல் சொன்னது பொய்யாகாது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆடி பிறப்பதற்குள் ஓடு போட்டு மோடும் மூடியாகிவிட்டது. முதல் சாரல் அடித்த அன்று புது வீட்டுக்குள் போய் நின்றேன். தலைக்கு மேலே சீமை ஓட்டில் மழை தாளம் போட்டது. கீழே ஒரு சொட்டு விழவில்லை. நான் தனியாக நின்று அந்த இருட்டில் ஒரு சுற்று ஆடினேன் என்றால் நம்புங்கள்.

அப்புறம் ஒரு நல்ல நாள் பார்த்து, மாதத்தில் ஒன்றைக் குறைத்து, விஷயத்தைச் சொன்னேன். முதலில் அத்தையிடம்தான் சொன்னேன். கட்டிப்பிடித்து உச்சி முகர்வார், தெருவைக் கூட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்படியா? சந்தோசம்" என்றார். தவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. என் மச்சான்தான் தலைகால் புரியாமல் குதித்தார். ஆவணியில் பால் காய்ச்சினோம். அத்தை வாசல் நிலைக்கு வெளியே நின்று பூவும் அரிசியும் உள்ளே போட்டார். நிலையைத் தாண்டி ஓர் அடி வைக்கவில்லை. நாங்கள் குடிவந்தோம், அவர் வரவில்லை. "மாட்டப் பாக்க ஆள் வேணும்" என்றார். நேர் எதிர் வீடு! நாலு எட்டுப் போட்டால் வந்துவிடலாம்! தினமும் ஏதாவது செய்து எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து வருவார். வாசற்படியில் கிண்ணத்தை வைத்துக் குரல் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

"மூத்த மகன் வீடுதான் ஒங்களுக்கு வீடு. இது வீடா தெரியல, இல்ல?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"வாய மூடிக்கிட்டுத் தின்னு" என்றார்.

ஓரகத்திக்கு ஒரே கொண்டாட்டம். "அத்தைக்கு ஒன் மேல பாசம் இல்லடி, சும்மாவா நெலைய மிதிக்க மாட்டேங்கிறாக?" என்று ஏற்றிவிட்டாள். நான் அடம் பிடித்துக் கட்டிய வீட்டில், வெளிச்சம் கொட்டும் என் அடுப்படியில் உட்கார்ந்து, அந்த மனுஷி உள்ளே வராததை நினைத்து அழுதிருக்கிறேன். அழுதுவிட்டு ஒரு வெண்கலப் பானையை வீசியும் இருக்கிறேன்.

தைப் பொங்கல் கழிந்த சில நாளில் வலி வந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போக எனக்குத் தாய் இல்லை. என் வீட்டிலேயே பெறுவேன் என்று சொல்லிவிட்டேன். அடுப்படியை ஒட்டிய அறையில் படுக்க வைத்தார்கள். கோழி கூவும்போது தொடங்கிய வலி, வெயில் உச்சிக்கு ஏறியும் விடவில்லை. மருத்துவச்சி வழக்கப்படி வீட்டில் இருந்த பெட்டி, பானை, கதவு எல்லாவற்றையும் திறந்து வைக்கச் சொன்னாள். என் கூந்தலை அவிழ்த்தாள். கயிற்றுக் கொடியின் முடிச்சைக்கூட அவிழ்த்தாள். பிள்ளை அசையவில்லை. நான் மேலே பார்த்தேன். மூடிய மோடு. 'நீதானே கேட்டாய், வீடும் வேண்டும் பிள்ளையும் வேண்டும் என்று' என்று அது சொல்வது போல இருந்தது. நான் செத்துப்போவேன் என்று நிஜமாகவே பயந்தேன்.

அப்போது தெருவில் காலடிச் சத்தம். அத்தை ஓடி வந்தார். நிலையில் நிற்கவில்லை. மோடு மூடிய பிறகு முதல் தடவையாக அதைத் தாண்டி, நேரே என்னிடம் வந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மோட்டைப் பார்த்தார். வெளியே திண்டாடிக்கொண்டிருந்த மகனைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினார்.

"ஏலே! ஏணிய எடுடா! மோட்டு ஓட்டக் கழட்டு!"

"ஆத்தா, என்ன சொல்ற? புது ஓடு…"

"கழட்டுடா! மூடச் சொன்னது நானு. தெறக்கச் சொல்றதும் நானு. வெரசா ஏறு!"

மச்சான் ஏறினார். தலைக்கு மேலே தடதடவென்று சத்தம். கையால் நகர்த்தப் பார்த்தும் நகராத ஓர் ஓடு உடைந்து முற்றத்தில் விழுந்தது. தூசி கொட்டியது. பளீரென்று வெயில் ஒரு பாய் அகலத்துக்கு என் மேலே விழுந்தது. நீலமாக ஆகாசம் தெரிந்தது. அத்தை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வழி தெறந்திருச்சு ஆத்தா, வழி தெறந்திருச்சு, இப்ப முக்கு" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. எங்கிருந்து பலம் வந்ததோ எனக்கு.

பெண் பிள்ளை. வீல் என்று அது கத்தியதில் மேலே இருந்த மச்சான் ஓட்டோடு சறுக்கி விழப் பார்த்தார். தலை ஏற்கெனவே நேரே இறங்கியிருந்தது, ஓடு கழட்டினாலும் கழட்டாவிட்டாலும் பிறந்திருக்கும் என்று மருத்துவச்சி சொல்லிக்கொண்டிருந்தாள். யார் கேட்டார்கள் அவளை! பிள்ளையைத் தூக்கிப் பார்த்து, "எட்டு மாசத்துப் பிள்ளைக்கு இம்புட்டுக் கனமா?" என்றும் கேட்டாள்.

"எங்க மயிலாடும்பாறை வம்சம் அப்படித்தான்" என்றார் அத்தை.

மருத்துவச்சி பிள்ளையைக் குளிப்பாட்ட எடுத்துப் போனாள். அத்தை என் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"கற்பூரத்துக்கு முன்னால நின்னு பொய் சொன்னவ நானு" என்றார். "அந்தப் பொய்யோட இந்த மோட்டுக்குக் கீழ வர எனக்கு நெஞ்சு துணியல. தோசம் இருந்தா என்னோட தெருவுக்கு அந்தப் பக்கமே கெடக்கட்டும்னு இருந்துட்டேன்."

"அத்தே, ஒங்களுக்குத் தெரியுமா? எப்பருந்து?"

திறந்திருந்த கதவு வழியாக அடுப்படி மூலை தெரிந்தது. சன்னலுக்குக் கீழே, கரணை படாமல் கையால் அப்பிய பூச்சு. அதில் பதிந்திருந்த விரல் தடத்தை அன்றுதான் நான் ஒழுங்காகப் பார்த்தேன். கொத்தனார் விரல் அவ்வளவு மெலிந்ததா?

"எலிக்கு எங்கனடி நாலு விரலு வரிசையா இருக்கு?" என்றார் அத்தை. "ஒரு வீடு கரைஞ்சத நான் பாத்துட்டேன். இன்னொண்ணையும் பாக்கச் சொல்றியா?"

அப்போது நான் அழுத அழுகையில் பிள்ளை தோற்றது. மாங்காய்க் கீற்று, கிடுகுக் கட்டு, படியில் வைத்துப் போன கிண்ணங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நெஞ்சில் குத்தின. வாய் முழ நீளம் இருந்து என்ன செய்ய? மண் பூசிய அந்தக் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

உடைந்த ஓட்டுக்குப் பதிலாக மச்சான் போடியிலிருந்து ஒரு கண்ணாடி ஓடு வாங்கி வந்து போட்டார். இன்றைக்கும் உச்சிப் பொழுதில் அந்த அறையில் ஒரு பாய் அகலத்துக்கு வெயில் விழுகிறது.

பிள்ளை பிறந்த அன்று சாயங்காலமே அத்தை தன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். எங்கே வைக்க என்று யாரையும் கேட்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போய், சன்னலுக்குக் கீழே அந்த மூலையை மறைத்து வைத்தார்.

"இங்கன இருந்தாத்தான் நீ மிச்சச் சுவத்தத் திங்க மாட்ட" என்றார்.